தொப்பிக் குட்டியை விட்டுப் போன வாரம்

நம் வயதுக்காரர்கள் யாரையாவது பிடித்து இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க டிவி இந்தி பேசிய காலத்தில் ஒரு கார்ட்டூன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்குள் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மூன்று குட்டிகள். மரத்தை வெட்டப் போகிறார்கள், அதனால் வீடு மாற வேண்டும். வாராவாரம் மூட்டை கட்டுவார்கள். வாராவாரம் ஏதாவது ஒன்று வந்து தடுத்துவிடும்.

என் மகள் போனில் எவ்வளவோ தேடிப் பார்த்தாள். பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? நாங்கள் அதை "மரவூட்டுப் படம்" என்றுதான் சொல்வோம். அவை என்ன விலங்கு என்பதிலேயே எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. அணில் என்றார்கள் சிலர். வாலைப் பார்த்துக் கீரி என்றார்கள் சிலர். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கரடிக்குட்டி மாதிரி இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று குட்டிகளில் கடைசிக் குட்டி மட்டும் தொப்பி போட்டிருக்கும். கறுப்பு வெள்ளை டிவி. அந்தத் தொப்பி என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டிவி எங்களுடையது அல்ல, வீட்டுக்காரம்மாவுடையது. காஞ்சிபுரத்தில் கோயில் குளத்தை ஒட்டிய ஒரு நெசவாளர் தெருவில், நீளமான வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா குடும்பம், இரண்டு குழித்தறி, டிவி. எங்கள் அப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அந்தத் தெருவில் தறியில் உட்காராத ஆம்பளை அவர் ஒருவர்தான். "எல்லாரும் குழிக்குள்ள எறங்கி சோறு துன்றாங்க, நான் கம்பத்து மேல ஏறி துன்றேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, ஈரத் தலையோடு பதினைந்து பிள்ளைகள் முன்கட்டில் உட்காருவோம். சீயக்காய் வாசனையும், பட்டு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனையும் சேர்ந்து அடிக்கும். வீட்டுக்காரம்மா டிவிப் பெட்டியின் மரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறப்பார். தெலுங்கு பேசுகிறவர். எங்களைத் தமிழில் திட்டுவார், கொஞ்சும்போது மட்டும் தெலுங்கு வந்துவிடும். "கால நீட்டாதீங்கடி. பாப்பா மட்டும் இங்க ரா" என்று என் தங்கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

பக்கத்துத் தெருவிலிருந்து இந்தி கிளாஸ் போகிற அக்கா ஒருத்தி வருவாள். ஒரு பரீட்சை பாஸ் பண்ணியிருந்தாள். மரவீட்டு அப்பா கையை ஆட்டி ஆட்டி அரை நிமிஷம் பேசுவார். அக்கா யோசித்து, "தண்ணி குடிக்கணும்னு சொல்றாரு" என்பாள். அவர் குடிக்கவே மாட்டார். அடுத்த காட்சியில் கோடாரிக்காரன் வந்து மரத்தில் சுண்ணாம்பால் கோடு போடுவான். "தண்ணி குடிக்கறதுக்குள்ள வந்துட்டாம்பா" என்று சமாளிப்பாள்.

அங்கே உட்கார்ந்திருந்த எங்களில் கதை சரியாகப் புரிந்தது ஒருத்திக்குத்தான். என் தங்கைக்கு. நாங்கள் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவள் சிரித்துவிடுவாள். அம்மா விலங்கு அழப் போகிறது என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் உதடு பிதுங்கும். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தமிழும் இந்தியும் அவளுக்கு ஒன்றுதான். முகத்தைப் பார்த்தே வாழ்ந்தவள். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் எல்லோரும் செவிடு, அவள் ஒருத்திக்குத்தான் காது இருந்தது. இப்போது யோசித்தால் அப்படித் தோன்றுகிறது. அப்போது அவள் முந்திக்கொண்டு சிரிப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பத்து. எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பாஷை இருந்தது. மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா. இரண்டு கையால் கம்பம் ஏறிக் காட்டினால் அப்பா. இரண்டு தோளிலும் ஜடையை இழுத்துக் காட்டினால் நான். நெற்றியில் பெரிய வட்டம் போட்டால் வீட்டுக்காரம்மா. தலையில் தொப்பி வைப்பதுபோல் காட்டினால் மரவீட்டுப் படம். மொத்தம் நாற்பது ஐம்பது சைகை இருக்கும். சோறு, தண்ணீர், தூக்கம், அடி, மிட்டாய் எல்லாம் சொல்லலாம். நாளைக்கு என்று சொல்ல முடியாது. ஏன் என்று கேட்க முடியாது. வெளியில் போனால் அதுவும் கூடாது. "கைய ஆட்டாத, எல்லாம் பாக்கறாங்க" என்று அம்மா அவள் கையைப் பிடித்து மடக்கிவிடுவாள். கை ஆட்டிப் பழகினால் வாய் பேச வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா அதை நம்பினாள். அவளைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் படித்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். தறி ஓடும்போது அந்தச் சுவரில் தங்கை இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தையும் வைத்து நிற்பாள். தறி நின்றால் சுவரை விட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்து, வயிற்றைத் தட்டிச் சோறு கேட்பாள். அந்த நேரத்துக்குத்தான் முன்கட்டில் எல்லோரும் சாப்பிட எழுந்திருப்பார்கள்.

அந்த வருஷம் மாசி மாதம் வாக்கில் ஒரு டாக்டர் அம்மாவிடம் சொன்னார். பட்டணத்துப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, வருகிற ஆனிக்குள் சேர்க்காவிட்டால் வயது தாண்டிவிடும் என்று. அன்றிலிருந்து வீட்டில் குசுகுசுப்பு ஆரம்பித்தது. தென்னேரி மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வாரம் ஒரு முறை வந்து அப்பாவோடு வாதாடுவார்.

"அங்க ஆஸ்டல் இருக்குதுன்றாங்க இல்ல? சேத்துட்டு வாங்க மாப்ள. ஒண்ணுத்துக்காக ஊட்டையே பேத்துக்கினு போறதா?"

"ஆறு வயசுக் கொழந்தய உட்டுட்டா?"

"அதுக்கு இன்னா தெரியும்? நாலு நாள் அழுவும். அப்பறம் பழகிக்கும்."

"அது அழுதா எதுக்கு அழுவுதுன்னு நமக்கே பாதி நேரம் புரியல. அங்க யாருக்குப் புரியப் போவுது? மாத்தலுக்கு எழுதிக் குடுத்துட்டேன். போனா எல்லாரும்தான் போறோம்."

இதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எல்லாம் கேட்டது. ஆனால் என் காதில் நின்றது மாமா சொன்ன பாதிதான். ஒண்ணுத்துக்காக ஊட்டையே பேத்துக்கினு.

எனக்கு அந்தத் தெருவை விட்டுப் போக முடியாது என்று இருந்தது. வீட்டுக்காரம்மாவின் மகள் என் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகும்போது ஒரே பெஞ்சில் உட்காருவது, ஒரே மாதிரி ரிப்பன் கட்டுவது என்று நாங்கள் இரண்டு வருஷமாகத் திட்டம் போட்டிருந்தோம். வைகாசியில் கருட சேவைக்கு அவர்கள் சொந்தக்காரர் வீட்டு மாடியில் எனக்கும் இடம் சொல்லி வைத்திருந்தாள். பெருமாள் கருடன்மேல் வரும்போது மேலிருந்து பார்த்தால் குடை மட்டும்தான் முதலில் தெரியும் என்று அவள் சொன்னதைக் கேட்டு, அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தேன். எல்லாம் போச்சு. யாரால் போச்சு என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கையிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் நிஜம். ஆனால் பெரியவர்கள் அதை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. "சொன்னா பயந்துடும், அங்க போனப்பறம் தானா தெரிஞ்சிக்கும்" என்றாள் அம்மா. அவளோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியதைப் பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாம் பேசிக்கொண்டே தன் பக்கம் திரும்புவதையும், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும் பார்த்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரை மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மரவீட்டில் அன்று நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். கைவண்டியில் பானை, நாற்காலி, கடிகாரம் எல்லாம் ஏற்றினார்கள். அப்பா இழுக்க, அம்மா தள்ள, இரண்டு குட்டிகள் பின்னால் ஓட, மலைச்சரிவில் வண்டி இறங்கியது. பொந்துக்குள், இலைக் குவியலுக்கு அடியில் தொப்பிக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. விழித்துப் பார்த்தது. ஒருவரும் இல்லை. வாசலுக்கு ஓடி வந்தது. வண்டி தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. குட்டி வாயைத் திறந்து கத்தியது. அதோடு அந்த வாரம் முடிந்து எழுத்து ஓடியது.

பிள்ளைகள் எல்லாம் ஐயோ என்று சத்தம் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். தங்கை மட்டும் மடியை விட்டு இறங்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா அவளை இறக்கிவிட்டு மரக்கதவை மூடியதும், அவள் என் பக்கம் திரும்பினாள். தலையில் தொப்பி வைத்துக் காட்டினாள். தூரத்தைக் காட்டினாள். கையை விரித்தாள். அவளுக்கு ஏன் என்று கேட்கத் தெரியாது என்றேன் அல்லவா, அன்று கேட்டாள்.

வெளியே முற்றத்தில் அவளை நிறுத்தி நான் பதில் சொன்னேன். மூக்குத்தியைத் தொட்டேன். கம்பம் ஏறினேன். என் ஜடையை இழுத்தேன். மூன்று பேரும் வண்டி ஏறிப் போவதாகக் காட்டினேன். பிறகு தலையில் தொப்பி வைத்துக் காட்டி, அவள் நெஞ்சில் விரலை வைத்து அழுத்தினேன். அது நீ. கீழே தரையைக் காட்டினேன். நீ இங்கே.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என் விரல் பட்ட இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அன்று மதியத்திலிருந்து அம்மாவின் முந்தானையை விடவில்லை. அம்மா தண்ணீர் எடுக்கப் போனால் கூடவே போவாள். சுவரில் போய் நிற்பதை விட்டுவிட்டாள். டிரங்குப் பெட்டியில் வைத்த துணிகளில் தன்னுடைய கவுன் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு முறை திறந்து பார்ப்பாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. "கண்ணு பட்டுருக்குது" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மாமா பார்த்துவிட்டு, "புதுசா சட்ட வாங்கிக் குடு, சரியாப் போவும்" என்றார். புதுக் கவுனும் வந்தது. அவள் அதை வாங்கி நேராகப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் போனேன். ஆரம்பித்த ஒரே நிமிஷத்தில், வண்டியிலிருந்த அம்மா விலங்கு குட்டிகளை எண்ணிப் பார்த்து அலறி, வண்டியை அப்படியே நடுவழியில் போட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் மலை ஏறி ஓடி வந்தது. தொப்பிக் குட்டியைத் தூக்கி ஆளுக்கு ஆள் முத்தம் கொடுத்தார்கள். இந்தி கிளாஸ் அக்காவே அழுதுவிட்டாள். வீட்டுக்காரம்மா என்னிடம், "போய் பாப்பாகிட்ட சொல்லுடி, குட்டி கெடச்சுட்சின்னு" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. முதல் வாரம் சொன்னது கோபத்தில் வந்தது, பத்து வயசுப் பிள்ளை என்று விட்டுவிடலாம். அடுத்த வாரம் சொல்லாமல் இருந்தது அப்படி அல்ல. வீட்டுக்குள் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள், தொப்பி வைத்துக் காட்டி என்ன என்று கேட்டாள். நான் தலை வாரிக்கொள்ள உட்கார்ந்துவிட்டேன்.

வைகாசி பிறப்பதற்கு முன்னால் கிளம்பினோம். காலை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் புறப்பட வேண்டும் என்று மாமா ஏழு மணிக்கே லாரியோடு வந்துவிட்டார். தெருவே கூடி சாமான் ஏற்றியது. கட்டில், பீரோ, அம்மி, மெத்தைச் சுருட்டு, சமையல் பாத்திரங்கள். வீட்டுக்காரம்மா வழியில் சாப்பிட இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக் கொடுத்தார். நானும் என் சிநேகிதியும் எங்கள் ரிப்பனை மாற்றிக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். ஒன்பதரை இருக்கும். அம்மா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த கை இல்லை.

"பாப்பா எங்க?"

முன்கட்டில் இல்லை. தறிக்குழியில் இறங்கிப் பார்த்தார்கள், இல்லை. கிணற்றடியில், கக்கூஸில், பக்கத்து வீடுகளில் இல்லை. அம்மா தெருவில் இறங்கி அவள் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தாள். அம்மாவைப் பார்த்து மாமா கத்தினார். தெருவே கத்தியது. கேட்காத பிள்ளையை அத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சத்தம் இப்போதும் சில நேரம் என் காதில் விழும்.

யாரோ குளம் என்றார்கள். பத்துப் பேர் குளத்துக்கு ஓடினார்கள். கோடையில் தண்ணீர் குறைந்து, பச்சைப் பாசி படர்ந்து கிடந்தது. இரண்டு பேர் இறங்கிக் காலால் துழாவினார்கள். அப்பா தெருமுனைக் கம்பத்தில் ஏறினார். கயிறு, பெல்ட் எல்லாம் லாரிச் சாமானுக்கு அடியில் போய்விட்டது. வேட்டியோடு, வெறும் காலோடு ஏறி, உச்சியில் கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கிக்கொண்டு நாலு தெருவையும் பார்த்தார். கீழிருந்து வீட்டுக்காரம்மாவின் கணவர், "தெரிதாப்பா? தெரிதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவின் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். குளத்துக்குப் போயிருந்தால் அது நான் அனுப்பியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார்கள். அப்போது லாரியைப் பார்த்தேன். விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைக்கிற ஒருத்தி குளத்துக்கு ஏன் போகிறாள்? வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேதானே இருப்பாள்?

சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். வெயிலில் பீரோ தகதகவென்று சுட்டது. மெத்தைச் சுருட்டுகளுக்கு நடுவில் புகுந்து, கூப்பிட்டும் பயனில்லை என்று ஒவ்வொரு சாமானையும் தட்டினேன். கேட்காது, ஆனால் அதிரும் அல்லவா? பாத்திரங்கள் இருந்த மூலையில், கல்யாணச் சீராக வந்த பெரிய அண்டாவின் மேல் யாரோ உள்ளே பார்க்காமலே சாக்கு போட்டு, அதன்மேல் தலையணை மூட்டையை வைத்திருந்தார்கள். அண்டாவைத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

முழங்காலை மடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் பாதிதான் திறந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வெயிலில் பித்தளைக்குள் இருந்திருக்கிறாள். நான் அவளைத் தூக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறக்கிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"இங்க இருக்குதும்மா!" என்று நான் கத்தியது குளக்கரை வரைக்கும் கேட்டதாம்.

அம்மா ஏறி வந்து அவள் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடியும் அடித்தாள். வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெளாட்டு, ஊரே செத்து சுண்ணாம்பாச்சி இவ வெளாட்டுல" என்றார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ராகுகாலம் வந்துவிட்டதால் பன்னிரண்டு மணிவரை காத்திருந்து கிளம்பினோம். லாரியின் முன்பக்கம் அப்பா மடியில் அவள், அம்மா மடியில் நான். ஊர் எல்லை தாண்டும் வரை அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

மரவீட்டுப் படம் அதற்குப் பிறகு எங்களுக்கு இல்லை. புது வீட்டில் டிவி கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தக் குடும்பம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். புது வீட்டில் முதல் வாரம் தங்கை ஒவ்வொரு சுவராகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். நாலு பக்கமும் வெறும் சுவர். எனக்கும் தறிச் சத்தமில்லாமல் படிப்பு வரவில்லை. தறியை விட்டு வந்த பிறகுதான் எனக்கு அது பிடிக்கும் என்று தெரிந்தது. கருட சேவை அன்று அப்பா எங்கள் இருவரையும் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு குடையும் இல்லை.

பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். அங்கே யாரும் கையை மடக்கிப் பிடிக்கவில்லை. ஆறு மாதத்தில் தங்கை எங்கள் வீட்டுக் கைப்பாஷையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக் கைப்பாஷையில் பொழுது விடிந்தால் பொழுது போனால் பேசுகிறவளாக ஆகிவிட்டாள். நாளைக்கு என்றாள். ஏன் என்று கேட்டுக் கேட்டு எங்களைத் துளைத்தாள். அப்பா கம்பத்திலிருந்து இறங்கி வந்து, மரத்துப்போன விரல்களோடு அவளிடம் பாடம் படித்தார். அவர் சைகை எல்லாம் பிளையர் பிடித்தது போலவே இருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் கூடவே கற்றுக்கொண்டேன். அம்மா கடைசிவரை நிறையக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் யார் முன்னாலும் கையை ஆட்டினாள்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கும் காது கேட்காது. மகளுக்குக் கேட்கும். அந்தப் பிள்ளை இரண்டு பாஷையிலும் வாயாடி.

போன மாதம் அவர்கள் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறினார்கள். சாமான் கட்டிக் கொடுக்க நான் போயிருந்தேன். அவள் மகள் எங்களுக்கு டீ போட உள்ளே போனாள். தரையெல்லாம் அட்டைப் பெட்டி. தங்கை ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டு நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே கையால் கேட்டாள்.

"ஞாபகம் இருக்குதா, நான் அண்டாக்குள்ள ஒளிஞ்சிக்கினது?"

நாற்பது வருஷமாக எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததில்லை. வீட்டுக் கல்யாணங்களில் மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது நான் எழுந்து போய்விடுவேன்.

"எதுக்கு ஒளிஞ்சே?" என்று கேட்டேன்.

"நீதானே சொன்னே. அவங்க போயிடுவாங்க, நீ இங்கயே இருப்பேன்னு. நல்ல வேளை சொன்னே. வூட்ல அத்தன பேர் இருந்தாங்க, பெட்டி கட்டறாங்க, அழறாங்க, ஒருத்தரும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீ ஒருத்திதான் வந்து சொன்னே."

அவள் முகத்தில் நன்றி இருந்தது. நாற்பது வருஷமாக அவள் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியே விட்டிருக்கலாம். உங்களில் சிலர் விட்டிருப்பீர்கள். எனக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "எச்சரிக்கறதுக்கு சொல்லல. உன்மேல கோவத்துல சொன்னேன். நீ இல்லாம போனா நல்லா இருக்கும்னு நெனச்சி சொன்னேன். அப்பா உன்ன ஆஸ்டல்ல விடமாட்டேன்னாரு. உன்ன விட்டுப் போகக் கூடாதுன்னுதான் நாம எல்லாருமே ஊரை விட்டு வந்தோம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கினே மாத்தி சொன்னேன். அடுத்த வாரமே அந்தக் குட்டியத் தேடிக்கினு எல்லாரும் ஓடி வந்தாங்க. நீ கேட்டே. அதையும் சொல்லல."

அவள் சிரிப்பு நின்றது. கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எல்லாரும் ஓடி வந்தாங்க.

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தே பிழைத்தவள் அவள். நான் அன்று அவள் முகத்தைப் படிக்க முயன்றேன், ஒன்றும் தெரியவில்லை. மன்னிச்சுடு என்று சொன்னேன். அவள் திரும்பவில்லை. எதிரில் போய் உட்கார்ந்து மறுபடியும் சொன்னேன். மறுபடியும். அதே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை.

அவள் எட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் பாஷையில் கையைப் பிடித்துக்கொண்டால் பேச்சு நின்றுபோகும். பிடித்தவளும் பேச முடியாது, பிடிபட்டவளும் பேச முடியாது. கோபமா, போகட்டும் என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் விடவில்லை. அவள் மகள் டீ டம்ளர்களோடு வந்து நின்று, "இன்னா பெரிம்மா, ரெண்டு பேரும் கம்முனு இருக்கறீங்க? லாரி வந்துட்சி" என்றாள். அப்போதும் விடவில்லை.